கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே: சிறு காணிக் குடியிருப்புகளின் சுகாதாரத்துக்கு எதைக் கேட்பது?

வலிகாமத்தான்:

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள எமது பிரதேச சபை அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்துக்குப் பொதுமக்களின் முன்மொழிவுகளைக் கேட்கவிருக்கின்றது. சனசமூக நிலையத்தின் சார்பில் சுகாதாரம் பற்றிய முன்மொழிவை எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. எழுதுவதற்கு முன் இங்குள்ளோரின் கருத்துகளை அறிய விரும்புகின்றேன்.

வறிய குடும்பங்களுக்கு மலசலகூடம் கட்ட உதவித் தொகை கொடுப்பதே சுகாதார மேம்பாடு என்ற பெயரில் இங்கு பெரும்பாலும் நடக்கின்றது. பயனாளிகள் பட்டியல் போடுகின்றார்கள், குழி வெட்டுகின்றார்கள், சீமெந்து வருகின்றது, கதவு பூட்டியதும் படம் எடுக்கின்றார்கள், கோப்பு மூடப்படுகின்றது. குழிக்குள் விழுவது பிறகு எங்கே போகின்றது என்ற கேள்வியை நான் பார்த்த எந்தப் படிவத்திலும் காணவில்லை.

எங்கள் குறிச்சியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டு பரப்புக் காணிதான் உண்டு. இரண்டு பரப்பு என்றால் 20 பேர்ச், ஏறத்தாழ 506 சதுர மீற்றர். வளவு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் இருபத்திரண்டரை மீற்றர் வரும். அனர்த்த நிவாரணப் பணிகளில் உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் நியமம், குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 30 மீற்றர் இருக்க வேண்டும் என்றும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. இரண்டு பரப்பு வளவில் கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தால் மட்டுமே அந்த இடைவெளி மட்டுமட்டாகக் கிடைக்கும். ஆனால் அந்த எதிர் மூலையின் வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டாரின் கிணறு இருக்கின்றது. அத்துடன், வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இந்த இடைவெளியைக் கூட்ட வேண்டும் என்று அதே நியமமே சொல்கின்றது. நாங்கள் குடியிருப்பதோ முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல்.

ஆகவே வீடு வீடாக உதவி கொடுக்கும் முறையை மாற்றி, ஓர் ஒழுங்கையையோ குறிச்சியையோ ஒரே அலகாகக் கொண்டு, கிணறு, குழி, வடிகால், கழிவகற்றல் ஆகிய நான்கையும் சேர்த்துத் திட்டமிடும்படி கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு மாற்றுக் கருத்துள்ளோர் தயங்காமல் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்:

தம்பி வலிகாமத்தான் எழுப்பிய கேள்வி, நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த காலம் முழுவதும் என்னுடன் வந்த கேள்வி. ஒன்றை மட்டும் முதலில் வலியுறுத்துகின்றேன். மலசலகூடமே இல்லாத குடும்பத்தை, குறிச்சித் திட்டம் வரும்வரை பொறுத்திருக்குமாறு சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. முன்மொழிவில் அந்தக் குடும்பங்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதையே நாம் ஆண்டு முழுவதும் இறைக்கின்றோம். கல்லுக்குள் வெடிப்புகளும் குகைகளும் இருக்கின்றன என்பதற்குக் கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் எல்லோரும் கண்ட சான்றுகள். மணல் நிலத்தில் கழிவுநீர் மெதுவாகக் கசியும்போது கிருமிகளில் பெரும்பகுதி வழியிலேயே தங்கி அழிந்துவிடும். பாறை வெடிப்பில் அந்த வடிகட்டல் நடப்பதில்லை. எனவே இத்தனை மீற்றர் தள்ளியிருந்தால் போதும் என்று இங்கு எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது.

இன்னொன்று, கிருமியும், மலக்கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் நீரில் கரையும் நைத்திரேற்று என்ற உப்பும் வெவ்வேறு பிரச்சினைகள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் நைத்திரேற்றின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல், இலங்கைத் தர நியமமும் அதுவே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். தோட்டப் பகுதிகளில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடப்படும் உரமும் இதற்குக் காரணம் என்பதால், பழி முழுவதையும் மலசலகூடக் குழியின் மேல் போட வேண்டாம்.

நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்டு), செங்கண்மாரி, வயிற்றுளைவு ஆகியவை 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். வைத்தியர் 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப, பரிசோதகர் அந்த வீட்டுக்குச் சென்று விசாரிப்பார். நெருப்புக்காய்ச்சல் மிகுதியாகப் பதிவான மாவட்டங்களின் வரிசையில் யாழ்ப்பாணம் பல ஆண்டுகள் முன்னிலையில் இருந்தது. அந்தப் படிவங்களை ஒவ்வொரு நோயாளியாகப் பார்ப்பதற்குப் பதிலாக, ஐந்து ஆண்டுகளுக்கு உரியவற்றை ஒரே வரைபடத்தில் குறித்தால், எந்த ஒழுங்கைக்கு முதலில் பணம் போக வேண்டும் என்பதை அந்தப் படமே காட்டும். இதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு இடத்தை மட்டும் தரும்படி முறையாகக் கேளுங்கள்.

கரையூர் மகள்:

நீங்கள் இருவரும் கிணறு உள்ள ஊரை மனதில் வைத்து எழுதுகின்றீர்கள். கடற்கரைக் குடியிருப்புகளின் நிலை வேறு. எங்கள் பகுதியில் இரண்டு பரப்பில் இரண்டு, மூன்று வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. கிணற்று நீர் உவர் என்பதால் அதை எவரும் குடிப்பதில்லை. நிலத்தைச் சற்றுத் தோண்டினாலே தண்ணீர் கண்டுவிடும். அப்படியான இடத்தில் குழி வெட்டுவதென்றால், நிலத்தடி நீருக்குள்ளேயே வெட்டுவதாகும். கார்த்திகை மழையில் குழி நிரம்பி, மலசலகூடத்தின் கோப்பை வழியாகவே கழிவு மேலே வருகின்றது. அந்த நாட்களில் பெண்களும் பிள்ளைகளும் படும் பாட்டை நான் விரிக்க விரும்பவில்லை.

கழிவகற்றும் பவுசர் வரும் நாளில் எங்கள் ஒழுங்கையில் நடப்பதைச் சொல்கின்றேன். வாகனம் தெருமுனையில் நிற்கும், உள்ளே வராது. குழாய்த் துண்டுகளை ஒன்றுடன் ஒன்று பொருத்தி, வலை காயப்போட்ட கம்பங்களுக்கு இடையால் இழுத்து வருவார்கள். பொருத்துகளில் கசிவது நிலத்தில் வழியும். அதன் மேல் மண் தூவுவார்கள். குழாய் மூன்றாவது, நான்காவது வீட்டுடன் முடிந்துவிடும். அதற்கு உள்ளே இருப்பவர்கள் பணம் கொடுக்க ஆயத்தமாக இருந்தாலும் அவர்களின் குழியை எடுக்க வழியில்லை. பெருமழை பெய்யும் இரவில் குழியின் மூடியை நகர்த்தி வெள்ளத்துடன் விட்டுவிடுகின்றார்கள். அவர்களைக் குறைகூறும் முன், அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்க வேண்டும். தொழில் இல்லாத மாதங்களில் பவுசருக்குக் கட்டும் பணம் ஒரு வீட்டின் பல நாள் உணவுச் செலவு.

ஆகவே உங்கள் முன்மொழிவில், ஒடுங்கிய ஒழுங்கைக்குள் செல்லக்கூடிய சிறிய கழிவகற்றும் வாகனம் ஒன்றையும் சேருங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் பூட்டும் சிறு தாங்கியும் பம்பியும் இருந்தாலே எங்கள் பகுதிக்குப் போதும்.

நிலத்தடி:

நான் நீர் வழங்கல் துறையில் பொறியியலாளராகப் பணியாற்றுகின்றேன். இது என் சொந்தக் கருத்து.

யாழ்ப்பாண நகரில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. நகரமும் கிராமமும் ஒன்றுபோலக் குழிகளையும் மலக்கழிவுத் தாங்கிகளையும் நம்பியே இருக்கின்றன. இந்த நிலையில் தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தருவது அதன் கொள்ளளவு. குழாய்நீர் வருவதை மனமார வரவேற்கின்றேன். உவர் நீருடன் வாழ்ந்தவர்களுக்கு அது உயிர்நீர். ஆனால் வீட்டுக்குள் வரும் நீரில் பெரும்பகுதி கழிவுநீராக அதே வளவுக்குள்தான் இறங்கப் போகின்றது. துலாவிலும் வாளியிலும் அள்ளிய வீடு பயன்படுத்தும் நீருக்கும், குழாயைத் திறந்து பயன்படுத்தும் நீருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கிணற்றைக் குடிநீருக்குப் பயன்படுத்தாத நிலை வந்தால், கிணறு கெடுவதைப் பற்றிய கவலையும் மெல்ல மறைந்துவிடும் என்பது என் அச்சம். குழாய்நீர் கிடைக்காத குடும்பங்கள் அதே நிலத்தடி நீரைத் தொடர்ந்து குடித்துக்கொண்டிருப்பார்கள்.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை, இங்கு செய்யக்கூடாதது அடி இல்லாத வளையக் குழி. கொங்கிறீற் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தே விடும் முறை மலிவானது. நம் கல்லில் அது கழிவை நேரே நிலத்தடி நீருக்குள் அனுப்பும். அடியும் சுவரும் நீர் கசியாதபடி பூசப்பட்ட இரண்டு அறைத் தாங்கி, அதையடுத்துக் கல்லும் சரளையும் நிரப்பி நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தும் வடிகட்டி, அதன் பின் நீர் மண்ணுக்குள் மெல்ல ஊறி இறங்கும்படி மேட்டில் அமைந்த ஆழமற்ற ஊறல் பாத்தி என்பதே குறைந்தபட்சத் தேவை. கரையூர் மகள் குறிப்பிடும் இடங்களில் தாங்கியை நிலத்துக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும். ஒரு வீட்டின் உதவித் தொகைக்குள் இது அடங்காது. ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு தாங்கியைப் பயன்படுத்தினால் செலவு கணிசமாகக் குறையும். வீட்டுக்கு வீடு கொடுக்கும் விதி இதைத் தடுக்கின்றது என்பதால், வலிகாமத்தான் சொல்வதை முழுமனதுடன் ஆதரிக்கின்றேன்.

பண்ணையடி வாசகர்:

எல்லாவற்றுக்கும் பணமும் கட்டடமும் கேட்பது சரியல்ல. சவுக்காரம் போட்டுக் கை கழுவவும், நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும், வளவைத் துப்புரவாக வைத்திருக்கவும் மக்கள் பழகினால் நோயில் பெரும்பகுதி குறையும். விழிப்புணர்வுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

சமூக மருத்துவ மாணவி:

பண்ணையடி வாசகர் ஐயா, கை கழுவுவதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் வங்காளதேசம், கென்யா, சிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018ஆம், 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. கிராமக் குடும்பங்களுக்கு நீர்ச் சுத்திகரிப்பு, நல்ல மலசலகூடம், கை கழுவும் வசதி ஆகியவற்றை வீட்டளவில் கொடுத்து, பழக்கத்தை மாற்ற ஊக்குநர்கள் மீண்டும் மீண்டும் வீட்டுக்குச் சென்றும், குழந்தைகளின் உயர வளர்ச்சியில் அவற்றால் முன்னேற்றம் காணப்படவில்லை. வயிற்றோட்டம் வங்காளதேசத்தில் குறைந்தது. மற்ற இரு நாடுகளிலும் குறையவில்லை. சூழல் முழுவதும் மாசுபட்டிருக்கும்போது ஒரு வீட்டின் வாசலுக்குள் செய்யும் சிறு திருத்தங்கள் போதாது என்பதே இதிலிருந்து பலரும் எடுத்த பாடம். ஒழுங்கையை அலகாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்துக்கு இதைவிட வலுவான ஆதரவு எனக்குத் தெரியவில்லை.

விழிப்புணர்வு என்ற பெயரில் மக்களை வெட்கப்படுத்தும் முறைகளையும் நான் எதிர்க்கின்றேன். வெளியில் மலங்கழிப்போரை ஊரார் முன்னிலையில் நாணச் செய்து மாற்றும் அணுகுமுறை, 2000ஆம் ஆண்டளவில் வங்காளதேசத்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. குளத்திலும் கிணற்றிலும் தண்ணீர் அள்ளவே சாதியின் பேரால் தடுக்கப்பட்டவர்கள் வாழ்ந்த மண் இது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும் அந்தத் தடை உடனே நீங்கிவிடவில்லை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் நீங்கள் துப்புரவற்றவர்கள் என்று சொல்வது சுகாதாரக் கல்வி ஆகாது.

முகாமில் வளர்ந்தவன்:

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். நலன்புரி நிலையத்தில் பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூட வரிசை. இரவில் விளக்கு இல்லாத அந்த வரிசைக்கு என் அக்கா தனியே போனதில்லை. அம்மா எழுந்து கூடப் போவார். அங்கிருந்து வெளியேறி வாடகைக் காணியிலும் கோயில் காணியிலும் கொட்டில் போட்டிருக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மலசலகூட உதவிக்கு விண்ணப்பிக்கப் போனால், காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ கேட்கின்றார்கள். நிலமில்லாதவர்களே மிகவும் தேவையுள்ளவர்கள், அவர்களே பட்டியலுக்கு வெளியே நிற்கின்றார்கள். ஒழுங்கையை அலகாகக் கொண்டால் உறுதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே திட்டத்துக்குள் வருவார்கள் என்பதனால் நானும் இதை ஆதரிக்கின்றேன். ஆனால் முன்மொழிவில் அதை வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால், அலுவலர் பழைய படிவத்தையே நீட்டுவார்.

துப்புரவுத் தொழிலாளியின் மகள்:

இந்த இழையில் இவ்வளவு நேரமும் குழியைப் பற்றிப் பேசினீர்கள். அதை எடுப்பவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகின்றேன்.

என் அப்பாவும் அவரது அப்பாவும் உள்ளூராட்சிச் சபை ஒன்றின் துப்புரவுத் தொழிலாளர்கள். வாளி மலசலகூடக் காலத்திலிருந்து இந்த வேலை சில குடும்பங்களின் தலையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றது. பவுசர் வந்த பின் கையால் அள்ளுவது குறைந்தாலும், அடியில் இறுகிய சேற்றைக் கலக்கவும், அடைத்த குழாயை விடுவிக்கவும் இன்றும் மனிதர்தான் இறங்குகின்றார். மூடிய குழிக்குள் சேரும் ஐதரசன் சல்பைட்டு வாயு சில மூச்சுகளிலேயே ஆளை மயக்கிக் கொல்லும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அதே குழியில் இறப்பதுண்டு. அப்பா வேலை செய்த காலத்தில் அவருக்குக் கொடுத்த கையுறை கிழிந்தால், அடுத்தது வர மாதக்கணக்கில் ஆகும். கிழிந்த விரல்களின் மேல் பொலித்தீன் பையைச் சுற்றி றபர் பட்டி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்.

எனவே குழிக்குள் எவரும் இறங்கக் கூடாது என்ற விதி, நிரந்தர நியமனம், முழங்கை வரையான கையுறை, காலணி, செங்கண்மாரிக்கும் ஏற்புவலிக்கும் (ரெட்டனஸ்) தடுப்பூசி ஆகியவற்றையும் முன்மொழிவில் சேர்க்க வேண்டும். ஒழுங்கை தோறும் கழிவகற்றும் திட்டம் வந்தால் அவர்களின் வேலை பல மடங்காகும். ஆட்களையும் பாதுகாப்பையும் கூட்டாமல் வேலையை மட்டும் கூட்டினால், அந்தச் சுமையும் எங்கள் குடும்பங்களின் மேல்தான் விழும்.

ஆரம்பப் பாடசாலை ஆசிரியை:

சுருக்கமாக ஒன்று. பாடசாலை மலசலகூடங்களையும் குறிச்சித் திட்டத்துக்குள் கொண்டு வாருங்கள். தாழ்ப்பாளும் தண்ணீரும் கழிவு வாளியும் இல்லாத இடத்தில், பெரிய பிள்ளையான மாணவிகள் மாதத்தில் சில நாட்கள் வராமலே விடுகின்றார்கள். அரசாங்கம் அணையாடைக்கு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது நல்ல செயல், ஆனால் அதை மாற்ற ஓர் இடமும் அகற்ற ஒரு வழியும் பாடசாலைக்குள் இருக்க வேண்டும்.

வலிகாமத்தான்:

அனைவருக்கும் நன்றி. துப்புரவுத் தொழிலாளர் பற்றிய பகுதியை முன்மொழிவின் நடுவில், தனிப் பந்தியாகவே எழுதுகின்றேன். காணி உறுதி பற்றிய நிபந்தனையை நீக்கும்படி நேரடியாகவே கேட்கின்றேன்.

இரண்டு விடயங்கள் இன்னும் தெளிவில்லை. எடுக்கும் கழிவை எங்கே சுத்திகரிப்பது என்பது ஒன்று. தமிழ்நாட்டில் 2014இல் மலக்கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டல் வெளியிடப்பட்டு, ஒரு நிலையத்தை அயலிலுள்ள பல சிறு நகரங்கள் பகிர்ந்துகொள்ளும் முறை நடைமுறைக்கு வந்திருக்கின்றது. கருங்குழியில் அமைந்த நிலையம் அங்கு முன்னோடி. எமது மாவட்டத்தில் 17 உள்ளூராட்சிச் சபைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே கட்டுவதைவிட, அயற்சபைகள் சேர்வதே நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் நகரக் குப்பை கொட்டப்படும் வெளியின் ஓரத்தில் வறியவர்களே குடியேற்றப்பட்டிருக்கின்றார்கள். அவர்களின் வாசலிலேயே இதையும் கொண்டுபோய் வைப்பதற்கு நான் உடன்படேன். இடத்தைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் அந்த அயலவருக்குச் சம்மதம் மறுக்கும் உரிமையும் இருக்க வேண்டும்.

மற்றையது கட்டணம். பவுசர் வரும்போது மொத்தமாகக் கேட்பதை விடுத்து, ஆதன வரியுடன் சிறு தொகையாகச் சேர்த்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முறைவைத்து எல்லாத் தாங்கிகளையும் எடுப்பது நல்லதென்று நினைக்கின்றேன். வரி கட்ட இயலாதவருக்கு விலக்கு வேண்டும். பரிசோதகர் ஐயா, நீர்ப் பரிசோதனையை எப்படி எழுதுவது என்று மட்டும் கூறுங்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்:

கட்டண முறை சரியானது. குழி நிரம்பி வழியும்வரை காத்திருக்கும் வழக்கம் அதனால் நிற்கும்.

நீர்ப் பரிசோதனையை ஆண்டுக்கு இரண்டு தடவை கேளுங்கள். கோடை முடிவில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது ஒன்று, மாரி மழை கொட்டி நீர்மட்டம் ஏறியதும் மற்றொன்று. கிருமி பெருகுவது பெரும்பாலும் மழைக்குப் பின்பே தெரியும். 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். அது எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் வருவது, குழியால் வருவதல்ல. வடிகாலையும் திட்டத்தில் சேர்த்தது அதனால் மிகச் சரி.

கிருமிப் பரிசோதனைக்குத் தொற்றுநீக்கிய போத்தல் வேண்டும். கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், அதை முறிக்கும் தயோசல்பேற்று இட்ட போத்தலைக் கேளுங்கள்; இல்லையென்றால் போத்தலுக்குள்ளேயே கிருமி அழிந்து, கெட்ட கிணறு நல்ல கிணறாகத் தெரியும். மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். 100 மில்லிலீற்றரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈகோலை என்ற கிருமி ஒன்றும் இருக்கக் கூடாது என்பதே நியமம். நைத்திரேற்றுக்கு வேறு போத்தல். முடிவை வீட்டாருக்கு எழுத்தில் கொடுக்கவும், குறிச்சியின் முடிவுகளைப் பெயரின்றிச் சனசமூக நிலையப் பலகையில் போடவும் சபை உடன்பட வேண்டும். முதல் மாதிரி மழைக்கு முன் எடுக்கப்பட வேண்டுமென்றால், புரட்டாசி முடிவதற்குள் கிணறுகளைத் தெரிந்து சுகாதாரப் பணிமனைக்குப் பட்டியல் கொடுங்கள். பட்டியல் தயாரிக்கும் நாளில் நானும் வருகின்றேன்.